டாம்பா விரிகுடாக் கரையில் ஓர் அலுவலகக் கட்டடம், பதின்மூன்று நாளில் இரண்டு சூறாவளிகள்

2024 செப்டம்பர் 27 காலை. ஹெலீன் சூறாவளி முந்தைய இரவு எங்களைத் தாண்டி வடக்கே போய்விட்டிருந்தது. முன்வாசலில் நாங்கள் பூட்டிவிட்டுப் போன அலுமினியத் தடுப்பு அப்படியே நின்றது. அதன் வெளிப்பக்கம் பதினாறு அங்குல உயரத்தில் சேற்றுக் கோடு. உள்பக்கம், வரவேற்புக் கூடத்தின் தரையில், எங்கள் காலணித் தடங்கள்கூடக் கலையாமல் தூசியோடு இருந்தன. இரண்டு வருடமாகப் பணம் கேட்டு, வரைபடம் போட்டு, பயிற்சி எடுத்து நிறுத்திய தடுப்பு அது. அந்தக் காய்ந்த தரையைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அப்புறம் பின்பக்கம் போய் மின் அறையைத் திறந்தேன். டார்ச் வெளிச்சத்தில் தரை முழுக்கச் சேறு. சுவரில் ஒன்பது அங்குல உயரத்தில் ஈரக் கோடு. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, வெளிக்கதவும் கிடையாது. நான்கு பக்கமும் கான்க்ரீட். மற்ற தரையைவிட இரண்டு படி இறங்கித்தான் அதற்குள் போக வேண்டும் என்பதால் வந்த தண்ணீர் அங்கேயே தேங்கியிருந்தது. அது வந்த வழி மட்டும் உடனே புரியவில்லை.

இந்தக் கட்டடத்தின் பராமரிப்புப் பொறியாளர் நான். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து டாம்பா நகரில், ஹில்ஸ்பரோ ஆறு விரிகுடாவில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், 1980-களில் கட்டிய ஆறு மாடி அலுவலகம். வாசலில் நின்று கல்லெறிந்தால் தண்ணீரில் விழும். வாடகைக்கு எடுப்பவர்கள் அந்தக் காட்சிக்காகத்தான் வருகிறார்கள். சூறாவளி வந்தால் முதலில் காலி செய்யச் சொல்லும் 'ஏ' மண்டலத்தில் கட்டடம் இருப்பதற்கும் அதே தண்ணீர்தான் காரணம்.

நான் கடலூர்க்காரன். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் எங்கள் ஊர்ப் பக்கம் கரையேறியபோது நான் அங்கேதான் இருந்தேன். அதனால் அம்மாவுக்கு ஒவ்வொரு வருடமும் இந்தப் பருவம் வந்தால் பதற்றம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை செய்தியில் ஃப்ளோரிடா என்று காதில் விழுந்தால் போதும், ஃபோன் வந்துவிடும். "தம்பி, எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க?" என்பதுதான் முதல் கேள்வி. இங்கே கூண்டு கிடையாது, காற்றின் வேகத்தை வைத்து ஒன்று முதல் ஐந்து வரை வகை சொல்வார்கள் என்று பலமுறை விளக்கியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த வகை எண் எங்களைப் போன்ற கரையோரக் கட்டடத்துக்குப் பாதி உண்மைதான் சொல்கிறது. அது காற்றை மட்டும் அளக்கிறது. கடல் எவ்வளவு ஏறும் என்பது அதில் இல்லை. ஹெலீனின் கண் எங்களுக்கு மேற்கே, நூறு மைலுக்கு அப்பால் கடலிலேயே வடக்கு நோக்கிப் போனது. கரையேறியது தூரத்தில், பெர்ரி என்ற ஊர்ப் பக்கம். டாம்பாவில் காற்று பெரிதாக இல்லை என்று நிம்மதியாக இருந்தவர்கள் வீட்டுக்குள் இரவு நேரத்தில் கடல் வந்தது. விரிகுடாவின் எதிர்க்கரையில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் கடல்மட்ட அளவுமானியில் சராசரி உயர் ஓதத்துக்கு மேல் ஆறடியைத் தாண்டிப் பதிவானது. அதற்கு முந்தைய உச்சம் 1985-இல் எலீனா சூறாவளியின்போது வந்த சுமார் நான்கடி.

இந்த விரிகுடா அப்படிப்பட்டது. ஆழம் குறைவு, வெளியே கடலடியும் வெகுதூரம் மெல்லச் சரிகிறது. காற்று தள்ளும் தண்ணீருக்குக் கீழே இறங்கித் திரும்ப இடமில்லாமல் மேலே ஏறுகிறது. 1921-க்குப் பிறகு பெரிய சூறாவளி எதுவும் டாம்பாவை நேரடியாகத் தாக்கவில்லை. அந்த நூறு வருட அதிர்ஷ்டத்தை நம்பித்தான் இங்கே நிறையக் கட்டடங்களில் மின் அறை தரைத்தளத்தில் இருக்கிறது. எங்களுடையதும்தான்.

சரி, முதலில் இருந்து வருகிறேன்.

2022-இல் இயன் சூறாவளி டாம்பாவை நோக்கி வருவதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் தெற்கே திரும்பியது. அப்போது எங்களிடம் மணல் மூட்டைகளைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தில்தான் தடுப்புக்கு உரிமையாளர் சம்மதித்தார். எவ்வளவு உயரத்துக்குத் தடுப்பது என்று முடிவு செய்ய, கட்டடத்தின் பழைய வரைபடத்தை எடுத்தோம். தரைத்தளம் ஏழடி என்று போட்டிருந்தது. வெள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டு, பரவாயில்லை என்று நினைத்தோம். சர்வே எடுக்க வந்தவர் மூலையில் இருந்த குறிப்பைக் காட்டினார். உயரங்களை அளக்க 1929-ஆம் ஆண்டு வகுத்த பூஜ்ய மட்டத்திலிருந்து அளந்தது அந்த ஏழடி. இப்போதைய வெள்ள வரைபடங்கள் 1988-ஆம் ஆண்டின் புதிய பூஜ்ய மட்டத்தை வைத்துப் போட்டவை. இரண்டுக்கும் டாம்பா பகுதியில் கிட்டத்தட்ட ஓர் அடி வித்தியாசம். அதாவது எங்கள் தரை ஏழடி இல்லை, ஆறடிதான். காகிதத்திலேயே ஓரடித் தண்ணீரை உள்ளே விட்டிருப்போம். கடற்கரையில் பழைய கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் முதலில் தேட வேண்டியது வரைபடத்தின் மூலையில் உள்ள அந்தச் சின்ன எழுத்தைத்தான். அதோடு, அளவுமானி சொல்வது உயர் ஓதத்துக்கு மேல் இத்தனை அடி என்று. அமெரிக்கத் தேசிய சூறாவளி மையம் என்ற வானிலை அமைப்பு எச்சரிக்கையில் சொல்வது நிலத்துக்கு மேல் இத்தனை அடி என்று. மூன்றும் வேறு வேறு. அதனால் நாங்கள் பின்வாசல் தூணில் ஓர் அளவுகோல் வரைந்துவிட்டோம். பூஜ்யம் என்பது எங்கள் தரை. மற்ற எல்லா எண்ணையும் அதற்கு மாற்றித்தான் பேசுவோம்.

தடுப்பு மூன்றடி. ஏன் ஆறடி வைக்கக் கூடாது என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீரின் தள்ளுவிசை ஆழத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மூன்றடி ஆழக் கடல்நீர் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் சுமார் 130 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். ஆறடி அகல வாசல் என்றால் கிட்டத்தட்ட 800 கிலோ. ஆழத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, மூன்று டன்னுக்கு மேல். தடுப்பு தாங்கலாம், அதற்கு இரண்டு பக்கமும் இருக்கிற சாதாரண செங்கல் சுவர் தாங்காது. மூன்றடிக்கு மேல் தண்ணீர் வந்தால் அது தடுப்பைத் தாண்டி உள்ளே வழியட்டும், உள்ளும் புறமும் சமமாகிவிட்டால் சுவர் பிழைக்கும். தரையைக் கழுவலாம், கம்பளத்தை மாற்றலாம். விழுந்த சுவரை ஒன்றும் செய்ய முடியாது.

தடுப்பு என்பது இவ்வளவுதான். வாசலின் இருபுறமும் நிரந்தரமாகப் பதித்த துருப்பிடிக்காத எஃகுக் காடி. அகலமான வாசலுக்கு நடுவில் கழற்றி மாட்டும் கம்பம். அவற்றுக்கு இடையில் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும் அலுமினியப் பலகைகள். ஒவ்வொரு பலகைக்கும் அடியில் ரப்பர் கேஸ்கெட். மேலே இருந்து திருகி அழுத்தும் கிளாம்ப். பார்க்க எளிது. முதல் பயிற்சியில் நான்கு பேர் சேர்ந்து ஐந்து வாசலுக்கும் பூட்ட ஏழு மணி நேரம் ஆனது. நேரம் எல்லாம் போனது ஒரே இடத்தில். நடுக் கம்பத்தைத் தாங்கும் போல்ட்டுக்குத் தரையில் திருகுத் துளைகள் உண்டு, சாதாரண நாளில் ஒரு மூடி போட்டிருக்கும். அந்த மூடியின் இடுக்கு வழியே மணல் இறங்கி, நடந்துபோகிறவர்களின் காலணியிலிருந்து சூயிங்கம் ஒட்டி, போல்ட் பாதிகூட இறங்கவில்லை. ஒரு துளையில் மரையே கெட்டுப்போனது. இப்போது மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, பல் துலக்கும் பிரஷ் மாதிரி ஒரு கம்பிப் பிரஷ்ஷால் துளையைச் சுரண்டி, வேக்குவம் வைத்து உறிஞ்சி, மரையில் கிரீஸ் தடவி மூடுகிறோம். பலகைகளுக்கு வாசல் எண், வரிசை எண், மேல் பக்கம் எது என்று பெயின்ட்டில் எழுதினோம். கடைசிப் பயிற்சியில் இரண்டு மணி நாற்பது நிமிடம்.

சாக்கடையும் அப்போதே பார்த்தோம். தரைத்தளக் கழிவறைக் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வ் ஏற்கனவே இருந்தது. திறந்து பார்த்தால் அதன் மடலுக்கு அடியில் ஒரு துணித்துண்டு மாட்டிக்கொண்டு, எத்தனை வருடமாகவோ வாய் திறந்தே கிடந்திருக்கிறது. எடுத்துவிட்டுச் சுத்தம் செய்தோம். ஹெலீன் இரவில் அது ஒழுங்காக மூடியது.

இத்தனையும் செய்துவிட்டு மின் அறையில் ஒன்பது அங்குலம் தண்ணீர்.

அன்று காலை நான் அந்த அறையின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டடத்தின் மொத்த மின்சாரமும் அந்தச் சுவர் வழியாகத்தான் வருகிறது. வெளியே கேபிள் குழியிலிருந்து எட்டு குழாய்கள், நான்கு அங்குல அகலம், பூமிக்கு அடியில் வந்து சுவரில் வாய் திறக்கின்றன. ஆறில் கேபிள். இரண்டு, எதிர்காலத் தேவைக்கு என்று காலியாக விட்டவை. அந்த இரண்டு காலிக் குழாய்களின் வாய்க்குக் கீழே சுவரில் நாக்கு மாதிரி சேறு வழிந்து காய்ந்திருந்தது. ஒரு குழாயின் உதட்டில் ஒரு சின்ன நத்தை ஓடு ஒட்டியிருந்தது. விரிகுடாவின் நத்தை, எங்கள் மெயின் சுவிட்ச் போர்டுக்கு முன்னால். வெளியே தெருத்தண்ணீர் கேபிள் குழிக்குள் இறங்கியிருக்கிறது. குழி நிறைந்ததும் குழாய்கள் ஓடைகளாகிவிட்டன. வாசலில் ஒரு சொட்டு விடாத நாங்கள், சுவருக்குள் நான்கு அங்குலத்தில் இரண்டு வாசலை அடைக்காமலே போயிருந்தோம்.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்கள் எங்களைக் காப்பாற்றின. ஒன்று, கிளம்பும் முன் மெயின் பிரேக்கரை இறக்கியிருந்தோம். மின்சாரம் ஓடும் போர்டில் உப்புத்தண்ணீர் ஏறியிருந்தால் அந்த அறையே எரிந்திருக்கும். இரண்டாவது, சுவிட்ச் போர்டு நான்கு அங்குலக் கான்க்ரீட் மேடை மேல் நின்றது. அதனால் கீழ்ப்பெட்டியில் இருந்த இரண்டு பிரேக்கரும் ஒரு சிறிய கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரும் மட்டுமே நனைந்தன. காயவைத்துப் போட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டார். உப்புநீர் பட்ட பிரேக்கரைக் காயவைத்துத் திரும்பப் போடவே கூடாது. தண்ணீர் போய்விடும், உப்பு உள்ளே தங்கிவிடும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஸ்பிரிங்கையும் தொடுமுனையையும் அரிக்கும். பார்க்க நன்றாக இருக்கும் பிரேக்கர், தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய நாளில் விழாது. மூன்றையும் தூக்கிப் போட்டுப் புதியவை வாங்கினோம். விரிகுடாவைச் சுற்றி எல்லாருக்கும் அதே வாரம் அதே பொருள் தேவைப்பட்டதால் வெளி மாநிலத்திலிருந்துதான் கிடைத்தது.

அடுத்த வேலை அந்த எட்டுக் குழாய்கள். கடையில் களிமண் மாதிரி ஓர் அடைப்புப் பசை விற்கிறார்கள், புட்டி என்று பெயர், கேபிள் குழாய் வாயில் அப்புவதற்கு. எங்கள் கேபிள் குழாய்களிலும் யாரோ எப்போதோ அதை அப்பியிருந்தார்கள். அது பூச்சியையும் காற்றையும் தடுக்கும். பின்னால் இரண்டடித் தண்ணீர் நின்று தள்ளினால் பற்பசை மாதிரி வெளியே வந்துவிடும். ஆறில் இரண்டு குழாய்களில் அப்படித்தான் பிதுங்கிக் கிடந்தது. காலிக் குழாய்களுக்கு ரப்பர் அடைப்பான் போட்டோம். நடுவில் உள்ள நட்டைத் திருகினால் ரப்பர் பக்கவாட்டில் விரிந்து குழாய்ச் சுவரை இறுக்கிப் பிடிக்கும். கேபிள் உள்ள குழாய்களுக்கு, மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு, பழைய புட்டியைச் சுரண்டி எடுத்து, கேபிளின் மேல்தோலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு பாகம் கலந்து பாய்ச்சும் அடைப்பு நுரையைப் பாய்ச்சினோம். அது இறுகியதும் தண்ணீர் உறிஞ்சாது.

அடைத்துவிட்டோம் என்று எழுதி வைத்துவிட்டு வர எனக்கு மனசில்லை. வாசலைப் பயிற்சி பார்த்த மாதிரி இதையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கேபிள் குழியில் ஹோஸ் வைத்து வாய் வரை தண்ணீர் நிரப்பினோம். உள்ளே ஒவ்வொரு குழாய் வாயிலும் டிஷ்யூ தாளை ஒற்றிப் பார்த்தோம். முதல் ஒரு மணி நேரம் எல்லாம் காய்ந்தே இருந்தது. இரண்டாவது மணியில் ஐந்தாம் குழாயில் தாளின் நடுவில் பொட்டு மாதிரி ஈரம். ஓரத்தில் இல்லை, சரியாக நடுவில். அந்தக் குழாயில் மூன்று தடித்த கேபிள்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு போகின்றன. மூன்று வட்டங்களை ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு சின்ன முக்கோண இடைவெளி வரும். நுரை வெளியே சுற்றி நிறைந்திருக்கிறது, அந்த முக்கோணத்துக்குள் போகவில்லை. தண்ணீர் அதன் வழியே கேபிளோடு கேபிளாக வந்திருக்கிறது. எங்கள் எலக்ட்ரீஷியன் அந்த இடத்தை நோண்டி எடுத்து, மூன்று கேபிளுக்கும் நடுவில் ஒரு மர ஆப்பைச் செருகிப் பிரித்து வைத்து, மறுபடி நுரை பாய்ச்சினார். அதோடு மற்ற ஐந்தையும் அதே மாதிரி திரும்பச் செய்தோம். இரண்டாவது முறை நான்கு மணி நேரம் நிரப்பி வைத்தோம். தாள் நனையவில்லை.

அறையின் மூலையில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் ஏறினால் தானாக ஓடும் பம்ப் ஒன்றும் வைத்தோம், பேட்டரியில் ஓடுவது. அடைப்பு பிசகினாலும் கொஞ்ச நேரம் தாங்கும்.

இது முடிந்த நாள் அக்டோபர் 5. அன்றுதான் மெக்ஸிகோ வளைகுடாவில் மில்டன் உருவானது.

மில்டன் வேகம் பிடித்த விதம் எங்கள் எல்லாரையும் உறைய வைத்தது. 7-ஆம் தேதி ஐந்தாம் வகை, மணிக்கு 180 மைல் காற்று. டாம்பா விரிகுடாவில் நிலத்துக்கு மேல் 10 முதல் 15 அடி வரை கடல் ஏறலாம் என்ற எச்சரிக்கை. எங்கள் தடுப்பு மூன்றடி. தெருவெல்லாம் ஹெலீனில் நனைந்த மெத்தை, அலமாரி, கிழித்தெடுத்த சுவர்ப் பலகை என்று குவிந்து கிடந்தது. அடுத்த காற்றில் அவை எல்லாம் எறிபொருள். மாநில அரசு உத்தரவு போட்டு, இரவும் பகலும் லாரிகள் அவற்றை அள்ளின.

பதினைந்து அடி என்றால் திட்டமே வேறு. தரைத்தளத்தைக் காப்பாற்றும் எண்ணத்தை விட்டோம். அதிலிருந்து எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்தோம். வாடகைதாரர்களின் சர்வர், கோப்பு அலமாரிகள், வரவேற்பு மேசைக் கணினிகள் எல்லாம் மூன்றாம் மாடிக்கு. கீழே நிறுத்தியிருந்த கார்களை, குறிப்பாக மின்சாரக் கார்களை, கெஞ்சி அப்புறப்படுத்தினோம். உப்புநீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரி தண்ணீர் வடிந்த பிறகும் தீப்பிடிக்கும், தீயணைப்புத் துறை வருடா வருடம் இதைச் சொல்கிறது. லிஃப்டுகளை நான்காம் மாடியில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்தோம். ஆறாம் மாடியில் நிறுத்தாததற்குக் காரணம், மேலே இயந்திர அறைப் பக்கம் காற்றோடு மழை உள்ளே வந்தால் முதலில் நனைவது மேல் மாடியில் நிற்கும் லிஃப்ட்தான்.

ஜெனரேட்டர் டீசல் தொட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுடையது பின்பக்கம் தரையில் இருக்கும் 500 காலன் தொட்டி. அதாவது சுமார் 1,900 லிட்டர். காலியாக இருந்தால் வெள்ளத்தில் கிட்டத்தட்ட இரண்டு டன் விசையோடு மிதக்கப் பார்க்கும். நிரப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். டீசல் தண்ணீரைவிட லேசானது, அதனால் நிரம்பிய தொட்டியும் எழும்பத்தான் பார்க்கும், எஃகின் எடை மட்டுமே அதைப் பிடித்து வைக்கும். நிரப்பவும் வேண்டும், அடித்தளத்தோடு எஃகுப் பட்டை போட்டுக் கட்டவும் வேண்டும். பட்டைகளின் போல்ட் இரண்டில் துரு. மாற்றினோம். காற்றுக் குழாயின் வாய் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது மூழ்கினால் டீசலில் கடல்நீர் கலந்துவிடும்.

தடுப்பையும் பூட்டினோம். பதினைந்து அடி வரும் என்றால் மூன்றடி எதற்கு என்று பணியாட்களில் ஒருவர் கேட்டார். கணிப்பு மாறலாம், நான்கடி மட்டும் வந்தால் உள்ளே வழிவது கொஞ்ச நேரம்தான் இருக்கும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். காற்று 40 மைலைத் தொடும் முன் மொட்டைமாடியில் ஒருவரும் இருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. 8-ஆம் தேதி மாலை மெயின் பிரேக்கரை இறக்கிவிட்டு எல்லாரும் கிளம்பினோம். யாரும் கட்டடத்தில் தங்கவில்லை. 'ஏ' மண்டலத்தில் தங்கக் கூடாது, எந்தச் சம்பளத்துக்கும்.

9-ஆம் தேதி இரவு எட்டரை மணி வாக்கில் மில்டன் மூன்றாம் வகையாக, சரசோட்டாவை ஒட்டிய சியெஸ்டா கீ என்ற தீவில் கரையேறியது. எங்களுக்குத் தெற்கே. சூறாவளி இங்கே இடஞ்சுழியாகச் சுற்றும் என்பதால் அதற்கு வடக்கே இருந்த எங்களுக்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியது. விரிகுடாவின் தண்ணீர் ஏறுவதற்குப் பதில் வெளியே போனது. வழக்கமான மட்டத்தைவிட ஐந்தடி வரை இறங்கி, சேற்றுத்தரை தெரிந்தது. 2017-இல் இர்மாவின்போதும் இப்படித்தான் ஆனது. கரையேறிய இடம் கொஞ்சம் வடக்கே நகர்ந்திருந்தால் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

ஆனால் மழை. விரிகுடாவுக்கு அந்தப்பக்கம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே நாளில் 18 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. அங்கே கட்டுமானத்தில் இருந்த ஒரு கோபுரத்தின் கிரேன் சாய்ந்து எதிரே இருந்த அலுவலகக் கட்டடத்தைப் பிளந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. எங்கள் மொட்டைமாடி சுமார் 10,000 சதுர அடி. அதில் நான்கு அங்குலம் தண்ணீர் தேங்கினால் 94 டன். சுற்றுச்சுவரில், தரையைவிட இரண்டு அங்குலம் உயரத்தில், வழிந்தோடும் திறப்புகள் உண்டு. குழாய் அடைத்தாலும் தண்ணீர் அதற்கு மேல் ஏறாமல் வெளியே கொட்டிவிடும். 7-ஆம் தேதி அவற்றில் இருந்த இலை, ஒரு பறவைக் கூடு, உறைந்த தார் எல்லாவற்றையும் சுரண்டியிருந்தோம். வேலை செய்தன. மறுநாள் பார்த்தபோது ஆறு வடிகுழாய்களில் இரண்டு இலையால் அடைத்திருந்தன, சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம் தண்ணீர் விழுந்த கோடுகள் இருந்தன.

நனைந்தது வேறொரு வழியில். மாடியில் நிற்கும் ஏசி யூனிட் ஒன்றின் பக்கவாட்டுத் தகட்டை எட்டுத் திருகில் பூட்ட வேண்டும். கோடையில் பழுது பார்க்க வந்த ஒப்பந்ததாரரின் ஆட்கள் இரண்டை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காற்றில் தகடு பிய்ந்து, மூலை முதலில் பட, கூரைப் படலத்தை இரண்டடி நீளத்துக்குக் கிழித்தது. அதற்குக் கீழே ஆறாம் மாடியில் உட்கூரைப் பலகைகள் ஊறி விழுந்தன. நான் யூனிட்டைக் கூரையோடு பிணைத்திருக்கும் கம்பிகளைச் சரிபார்த்தேன். தகட்டின் திருகை எண்ணவில்லை. காற்றில் கூரைச் சாமான் என்ன செய்யும் என்பதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1983-இல் அலிஸியா சூறாவளி ஹூஸ்டனைத் தாக்கியபோது நகர மையத்தின் உயரமான கட்டடங்களில் கண்ணாடிகள் உடைந்ததற்குக் கூரைகளில் பரப்பியிருந்த கூழாங்கற்களும் ஒரு பெரிய காரணம்.

கண்ணாடி என்றதும் ஒன்று. குறுக்கே டேப் ஒட்டுவதை இன்னும் சில அலுவலகங்களில் பார்க்கிறேன். அது ஒன்றுக்கும் உதவாது, உடையும்போது பெரிய பெரிய துண்டாக விழ வைக்கும். 1992-இல் ஆண்ட்ரூ தெற்கு ஃப்ளோரிடாவைச் சிதைத்த பிறகு வந்த கண்ணாடிச் சோதனையில் ஒன்பது பவுண்டு மரச்சட்டத்தை விநாடிக்கு 50 அடி வேகத்தில் கண்ணாடி மேல் எறிகிறார்கள். அதற்கு அப்புறம் ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் கொடுத்து இழுக்கிறார்கள். விரிசல் விடலாம், கிழிந்து திறக்கக் கூடாது. ஒரு ஜன்னல் திறந்துவிட்டால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். எங்கள் கீழ் இரண்டு மாடிகளுக்கு அந்த ரகக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது. மற்றவற்றுக்குப் பணம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மில்டனில் மாநிலம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எங்களுக்கு நான்காம் நாள் வந்தது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். ஆறாம் மாடியில் நனைந்த பலகையையும் கம்பளத்தையும் முதல் நாளே வெட்டி எடுத்து, வாடகைக்கு முன்பதிவு செய்து வைத்திருந்த ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களை ஓட்டினோம். முன்பதிவு ஜூன் மாதமே செய்தது. அக்டோபரில் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

மின் அறை காய்ந்தே இருந்தது. ஆனால் அதை நான் வெற்றி என்று எழுதிக்கொள்ளவில்லை. மில்டனில் கடல் வரவே இல்லை, குழாய்களுக்குச் சோதனையே நடக்கவில்லை. சுவிட்ச் போர்டை இரண்டாம் மாடிக்கு ஏற்றுவதுதான் சரியான தீர்வு. அதற்கான மதிப்பீடு உரிமையாளரிடம் இருக்கிறது. அது நடக்கும் வரை இந்த எட்டு அடைப்புகளைத்தான் நம்ப வேண்டும்.

2025 மே கடைசி வாரம், பருவம் தொடங்கும் முன், கேபிள் குழியை மறுபடி நிரப்பினோம். இந்த முறை ஆறு மணி நேரம். குழாய்களுக்கு ஒன்று முதல் எட்டு வரை பெயின்ட்டில் எண் போட்டிருக்கிறேன். முதல் ஏழிலும் தாள் காய்ந்தே வந்தது. எட்டாவது, நத்தை ஓடு ஒட்டியிருந்த அந்தக் காலிக் குழாய். அதில் தாளின் ஓரம் நூல் அளவுக்கு நனைந்திருந்தது. ரப்பர் ஏழெட்டு மாதத்தில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. நட்டை அரைச் சுற்று இறுக்கி, குழியில் தண்ணீர் அப்படியே இருக்க, படியில் உட்கார்ந்து அடுத்த தாளை எடுத்தேன்.